டி.சி. வாங்கிய பின் எங்கே போனார்கள்?

எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் தலைமையாசிரியர் அறை பீரோவில் ஒரு தடித்த பேரேடு இருக்கும். சேர்க்கை நீக்கல் பதிவேடு என்று அதற்குப் பெயர். பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், பிறந்த தேதி, சேர்ந்த வகுப்பு என்று தொடங்கும் வரி, 'பள்ளியை விட்டு நீங்கிய நாள்', 'நீங்கியதன் காரணம்' ஆகிய கட்டங்களோடு முடிந்துவிடும். அந்த வரியைப் பார்த்துத்தான் மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி., எழுதிக் கொடுப்பார்கள். டி.சி.யைக் கையில் வாங்கிக்கொண்டு பிள்ளை வாசலைத் தாண்டிய பிறகு என்ன ஆனது என்று எழுத அந்தப் பேரேட்டில் கட்டம் கிடையாது.

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்தால் மாவட்டவாரியாகத் தேர்ச்சி விழுக்காடு பத்திரிகைகளில் வந்துவிடுகிறது. எந்த மாவட்டம் முதலிடம், எது கடைசி என்று நாமும் பேசிக்கொள்கிறோம். அதே பிள்ளைகள் ஆகஸ்டில் எங்கே இருக்கிறார்கள், ஐந்து வருடம் கழித்து என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. அந்தக் கேள்விக்கு அரசாங்கங்கள் பதில் தேடிய கதைக்கு ஏறக்குறைய நூறு வயது. இந்தக் காலாண்டில் அதைப் பார்ப்போம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, நம் குடியிருப்பில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கும் அது தொடர்புள்ள கதை.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இருந்த காலம்

பழைய சென்னை மாகாணத்தில் பதினோராம் வகுப்போடு பள்ளிப் படிப்பு முடிந்தது. முடித்தவர் கையில் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் இருக்கும். மதிப்பெண், பிறந்த தேதி, அங்க அடையாளம் எல்லாம் அதற்குள். வயதுக்குச் சான்று அது, படிப்புக்குச் சான்று அது, நடத்தைக்கும் சான்று அது. தாலுகா ஆபீசோ, ரயில்வேயோ, தபால் துறையோ, மளிகை மண்டியின் கணக்குப்பிள்ளை வேலையோ, எதற்குப் போனாலும் முதலில் கேட்கப்படுவது அந்தப் புத்தகம்தான்.

படித்தால் வேலை நிச்சயம் என்ற நம்பிக்கை 1920களிலேயே ஆட்டம் கண்டுவிட்டது. சென்னை மாகாண அரசு 1926-27ல் படித்த நடுத்தர வகுப்பாரின் வேலையில்லாத் திண்டாட்டத்தை ஆராய ஒரு குழு அமைத்தது. வடக்கே ஐக்கிய மாகாணத்தில் தேஜ் பகதூர் சாப்ரு தலைமையில் அமைந்த குழு இதே பிரச்சினை பற்றி 1935ல் அறிக்கை கொடுத்தது. இந்தக் குழுக்கள் சாட்சிகளை அழைத்து விசாரித்தன. படித்து முடித்தவர்கள் இருக்கும் இடம் தேடிப்போய், ஆள் ஆளாகப் பின்தொடர்ந்து கணக்கு எடுக்கும் ஏற்பாடு அவற்றிடம் இல்லை. வேலை கொடுக்கும் அலுவலகங்களை அமைப்பது பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1919ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்தியா 1921ல் ஏற்றது. 1938ல் அதிலிருந்து விலகியும் விட்டது. ஆலை வாசலில் தினமும் காலையில் ஆட்கள் கூட்டமாக நிற்கும்போது வேலை கொடுக்க ஒரு அலுவலகம் எதற்கு என்ற எண்ணம் அன்று ஆள்பவர்களிடம் வலுவாக இருந்தது.

போர் முடிந்து வந்தவர்களுக்காக

அந்த அலுவலகம் கடைசியில் வந்தது மாணவர்களுக்காக அல்ல, சிப்பாய்களுக்காக. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1945 ஜூலையில், மறுவாழ்வு மற்றும் வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககத்தை இந்திய அரசு தொடங்கியது. படையிலிருந்து விடுவிக்கப்பட்டு லட்சக்கணக்கில் ஊர் திரும்புகிறவர்களுக்கும், போர்க்காலத் தொழிற்சாலைகளில் வேலை இழந்தவர்களுக்கும் வேலை தேடிக் கொடுப்பது அதன் பொறுப்பு. பிரிவினைக்குப் பின் அகதிகளாக வந்தவர்களும் அதன் கவனிப்பில் சேர்ந்தார்கள். 1948 தொடக்கத்தில்தான் எல்லோரும் பதிவு செய்துகொள்ளலாம் என்று கதவு திறக்கப்பட்டது.

பி. சிவராவ் தலைமையிலான குழு 1954ல் கொடுத்த பரிந்துரைப்படி, இந்த அலுவலகங்களின் அன்றாட நிர்வாகம் 1956 நவம்பர் 1 முதல் மாநிலங்களிடம் வந்தது. மொழிவாரி மாநிலங்கள் பிறந்த அதே நாள். அடுத்து 1959ல் காலியிடங்களைக் கட்டாயமாகத் தெரிவிக்கும் சட்டம் வந்து, 1960 மே முதல் அமலானது. அரசு நிறுவனங்களும், 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. சட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்: தெரிவிப்பதுதான் கட்டாயம். அங்கிருந்து வரும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தனியார் நிறுவனங்கள் தெரிவித்துவிட்டுத் தங்களுக்கு வேண்டியவரை எடுத்துக்கொண்டன. அரசு அலுவலகங்கள் மட்டும் நிர்வாக உத்தரவுகளால் அந்தப் பட்டியலுக்குக் கட்டுப்பட்டன. அதனால் நம் ஊரில் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் என்றாலே அரசு வேலைக்கான வாசல் என்று ஆகிப்போனது.

சீனியாரிட்டி

நாற்பது வயதைத் தாண்டிய நகர்வாசிகளில் பலருக்கு அந்த அட்டை நினைவிருக்கும். பதிவு எண், பதிவு செய்த தேதி, கல்வித் தகுதி, அடுத்துப் புதுப்பிக்க வேண்டிய மாதம். பள்ளி முடித்த கையோடு மதிப்பெண் சான்றிதழை எடுத்துக்கொண்டு மாவட்டத் தலைநகருக்குப் பஸ் ஏறுவார்கள். வரிசையில் நின்று பதிவார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ரினீவல். டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்தால் அதையும் கூடுதல் தகுதியாகச் சேர்க்க வேண்டும். மேல்படிப்பு முடித்தவர்களுக்குச் சாந்தோமில் தனி அலுவலகம் இருந்தது.

ஒரு காலியிடம் வந்தால், பதிவுத் தேதியில் மூத்தவர்களின் பெயர்கள் போகும். இதுதான் சீனியாரிட்டி. அலுவலக உதவியாளர், ஓட்டுநர், நடத்துநர், தற்காலிகப் பணியிடங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஆசிரியர் பணியிடங்கள் என்று பல வேலைகளுக்குச் சீனியாரிட்டிதான் சாவி. ஆசிரியர் பயிற்சி முடித்த ஒருவர் தம் வரிசை வருவதற்குப் பத்துப் பதினைந்து வருடம் காத்திருப்பது சாதாரணம். ஆகவே பதிவைத் தவறவிடுவது பெரிய இழப்பு. ரினீவல் மாதத்தை மறந்தால் மொத்த சீனியாரிட்டியும் போய்விடும். அப்படி விட்டுப்போனவர்களுக்காக அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவித்ததே, எத்தனை பேர் அந்தத் தேதிகளைத் தவறவிட்டார்கள் என்பதைச் சொல்லும்.

1978ல் தமிழ்நாடு பதினோராம் வகுப்பு முறையை விட்டுப் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ என்ற முறைக்கு மாறியது. புகுமுக வகுப்பு போனது, மேல்நிலைப் பள்ளிகள் வந்தன, தொழிற்பிரிவுப் பாடங்களும் வந்தன. முதல் பிளஸ் டூ பிள்ளைகள் 1980ல் தேர்வு எழுதினார்கள். வேலை தேடித் தில்லியில் அலையும் தமிழ் இளைஞனின் கதையான 'வறுமையின் நிறம் சிகப்பு' அதே ஆண்டில்தான் திரைக்கு வந்தது. தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் பலரின் சட்டைப் பையிலும் அந்த அட்டை இருந்திருக்கும்.

பின்னால் அந்தச் சாவி மெல்லத் தேய்ந்தது. வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நிற்காமல் பத்திரிகையிலும் விளம்பரம் செய்து மற்றவர்களையும் பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996ல் ஒரு வழக்கில் சொன்னது. 2012ல் ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. பள்ளியிலேயே மதிப்பெண் சான்றிதழ் வாங்கும்போது இணையவழிப் பதிவையும் முடித்துவிடும் வசதியும் வந்தது. பஸ் ஏற வேண்டியதில்லை, வரிசையும் இல்லை. ஆனால் 2020களின் தொடக்கத்திலும் தமிழ்நாட்டின் பதிவேட்டில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன.

அட்டைக்குத் தெரியாதவர்கள்

அந்த 60 லட்சம் பேரும் வேலையில்லாதவர்களா? இல்லை. கிண்டியில் ஒரு கம்பெனியில் நல்ல சம்பளத்தில் இருப்பவர், எதற்கும் இருக்கட்டும் என்று பதிவைப் புதுப்பித்து வைத்திருப்பார். துபாயில் வேலை செய்பவரின் பெயரும் அதில் இருக்கும். திருமணமாகி வேறு ஊருக்குப் போன பெண்ணின் பெயரும் இருக்கும். பதிவு செய்தவர் தாமாக வந்து சொன்னால்தான் அலுவலகத்துக்கு எதுவும் தெரியும். வேலை கிடைத்ததைச் சொல்ல யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

படித்த வேலையில்லாதவர்களுக்கு மாநில அரசு கொடுக்கும் மாத உதவித்தொகையின் விதியே இதை விளக்கும். பதிவு செய்து ஐந்து வருடம் காத்திருந்தவர்தான் பொதுப் பிரிவில் அதற்கு விண்ணப்பிக்கலாம். பதினெட்டு வயதில் பதிந்தவருக்கு இருபத்து மூன்று. ஒருவரின் வாழ்க்கை எந்தப் பக்கம் திரும்பும் என்பது பெரும்பாலும் முடிவாகிவிடும் அந்த ஐந்து வருடமும் அந்தப் பதிவேட்டுக்கு வெறும் காத்திருப்புக் காலம்தான்.

இன்னொரு பக்கம், பதிவேட்டுக்கே வராதவர்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, மறுபடி எழுதாமல் ஒர்க்‌ஷாப்புக்குப் போனவன். திருமணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லி மூன்று வருட ஒப்பந்தத்தில் மேற்கு மாவட்ட நூற்பாலைகளுக்கு அழைத்துப் போகப்பட்ட பெண்கள். 'சுமங்கலித் திட்டம்' என்று அது பெயர் பெற்று, நீதிமன்றம் வரை விவாதமானது. பனியன் கம்பெனிக்கும், வெளிமாநிலத்து முறுக்குக் கடைக்கும், போர்வெல் லாரிக்கும் போன பையன்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தின் கணக்கில் இவர்கள் வேலையில்லாதவர்களும் இல்லை, வேலை பெற்றவர்களும் இல்லை. இவர்களைப் பற்றிக் கேட்கவே ஆள் இல்லை.

படித்து முடித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடிப்போய்க் கேட்ட முயற்சிகளும் நம் நாட்டில் உண்டு. பொருளாதார அறிஞர் வி.கே.ஆர்.வி. ராவ் 1960களின் தொடக்கத்தில் தில்லிப் பல்கலைக்கழகத்தில் படித்து வெளியேறியவர்களின் வேலை நிலையை ஆராய்ந்து எழுதினார். 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பட்டதாரிகளுக்கும் தொழில்நுட்பப் படிப்பு முடித்தவர்களுக்கும் தனியாக ஓர் அட்டை கொடுத்து விவரம் கேட்டார்கள். ஆனால் இவையெல்லாம் பட்டதாரிகளைப் பற்றியவை. பள்ளியோடு நின்றவர்கள் அவர்களைவிடப் பல மடங்கு. அவர்களுக்குத் தனி அட்டை எதுவும் வரவில்லை.

தேடிப் போன ஊர்கள்

வேலைவாய்ப்பு அலுவலகம் என்ற யோசனையை நாம் எடுத்துக்கொண்ட பிரிட்டனில், ஆரம்பத்திலேயே இன்னொரு யோசனையும் பக்கத்தில் வளர்ந்தது. மரியா ஒகில்வி கார்டன் என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணி புவியியல் ஆய்வாளர். ஆல்ப்ஸ் மலைப் பாறைகளை ஆராய்ந்து பெயர் பெற்றவர். பள்ளியை விட்டு வெளியேறும் சிறுவர் சிறுமியருக்கு வேலை பற்றி வழிகாட்டும் பொறுப்பு கல்வித் துறைக்கு இருக்க வேண்டும் என்று 1904 முதலே வாதாடினார். 1910ல் வந்த சட்டம், 17 வயதுக்குட்பட்டவர்களுக்கு அந்த உதவியைச் செய்ய உள்ளூர்க் கல்வி அமைப்புகளுக்கு அதிகாரம் கொடுத்தது. பர்மிங்காம் போன்ற நகரங்களில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய், பள்ளியை விட்ட பையன் என்ன செய்கிறான், வேலை பிடித்திருக்கிறதா, மாலை வகுப்புக்குப் போகிறானா என்று விசாரித்தார்கள். ஒருவருக்குச் சில பிள்ளைகள் என்ற கணக்கில் பொறுப்பு. தெருக்காரர்கள் தெருப் பிள்ளைகளை விசாரித்த ஏற்பாடு அது.

1946ல் பிரிட்டன் இன்னொன்றையும் தொடங்கியது. அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளில் 5,362 பேரை மருத்துவர் ஜேம்ஸ் டக்ளஸ் குழுவினர் தொடர்ந்து கவனித்தார்கள். பள்ளிக்குப் போனபோது, பள்ளியை விட்டபோது, வேலைக்குப் போனபோது, ஓய்வு பெற்றபோது என்று எழுபது வருடத்துக்கும் மேலாக அந்த ஆய்வு நடந்துவருகிறது. திறமை ஒன்றாக இருந்தும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் வழியிலேயே உதிர்ந்துபோவதை 1960களில் அந்த ஆய்வு எண்களோடு காட்டியது. தேர்வு முடிவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது தெரிந்திருக்காது.

நமக்குப் பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு. பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசத்தில் 2002 முதல் 'யங் லைவ்ஸ்' ஆய்வு 3,000 குழந்தைகளைப் பின்தொடர்கிறது. 2001-02ல் பிறந்தவர்கள் 2,000 பேர், 1994-95ல் பிறந்தவர்கள் 1,000 பேர். மாநிலம் இரண்டான பிறகும் இரண்டு மாநிலங்களிலும் தொடர்ந்தது. கொரோனா காலத்தில் வீட்டுக்குப் போக முடியாதபோது தொலைபேசியில் விசாரித்தார்கள். குடும்பம் இடம் மாறினாலும் உறவினரைக் கேட்டு, அக்கம்பக்கத்தைக் கேட்டுக் கண்டுபிடித்தார்கள். மிகச் சிலரே தொடர்பு விட்டுப் போனார்கள். நம் நாட்டில் ஆளைப் பின்தொடர்வது நடக்காத காரியம் என்று சொல்பவர்களுக்கு அது போதுமான பதில்.

ஆனால் இவை ஆய்வுகள். ஐயாயிரம் பேரையோ மூவாயிரம் பேரையோ கவனித்து எல்லோருக்கும் பொதுவான பாடம் சொல்பவை. குறிப்பிட்ட ஒரு பையன் படிப்பை விட்டுவிட்டால் அவன் வீட்டுக் கதவைத் தட்டுவது ஆய்வாளரின் வேலை அல்ல. அதை அரசின் கடமையாக்கிய நாடு நார்வே. 1994ல் அங்கே ஒவ்வொரு மாவட்ட நிர்வாகமும், மேல்நிலைப் படிப்புக்கு உரிமை உள்ள வயதில் இருந்தும் படிப்பிலும் வேலையிலும் இல்லாத இளைஞர்களைத் தானே தேடித் தொடர்பு கொள்ள வேண்டும் என்று ஆக்கினார்கள். இளைஞர் வந்து பதிய வேண்டும் என்பது மாறி, அதிகாரி போய்க் கேட்க வேண்டும் என்று ஆனது.

கல்யாண மண்டபத்திலிருந்து கல்லூரிக்கு

தமிழ்நாட்டில் இந்த மாற்றம் எப்படி வந்தது என்று பார்க்க ஒரே திட்டத்தின் கதை போதும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989ல் தொடங்கிய திருமண உதவித் திட்டம் நம்மில் பலருக்குத் தெரியும். ஏழைப் பெண் குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருந்தால் திருமணத்துக்குப் பண உதவி. பின்னால் தொகை கூடியது, தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. பெண் பிள்ளையைப் பள்ளியில் வைத்திருக்க அது பல குடும்பங்களுக்குத் தூண்டுதலாக இருந்தது உண்மை. பள்ளிக்குப் பிறகு அரசு அந்தப் பெண்ணை அடுத்துச் சந்தித்த இடம் கல்யாண மண்டபம்.

2022ல் அந்தத் திட்டம் 'புதுமைப் பெண்' ஆக மாற்றப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி தொடங்கியது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால், படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவர்களின் வங்கிக் கணக்குக்கே வரும். பையன்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி கோவையில் தொடங்கியது. தொகையைப் பற்றி ஆயிரம் விவாதம் இருக்கலாம். ஆனால் இந்தத் திட்டத்தில் ஒரு பக்கவிளைவு உண்டு. பணம் மாதாமாதம் போக வேண்டுமானால் பிள்ளை எங்கே படிக்கிறது என்பது மாதாமாதம் தெரிந்தாக வேண்டும். பள்ளிப் பேரேட்டில் இல்லாமல் இருந்த அந்தக் கட்டம் இப்படித்தான் முதன்முதலாக நிரம்பத் தொடங்கியது.

இதற்கு அடித்தளம் பள்ளிகளின் எமிஸ் பதிவு. தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் உண்டு. பள்ளி மாறினால் பழைய பள்ளி கணினியில் விடுவிக்கும், புதிய பள்ளி எடுத்துக்கொள்ளும். விடுவிக்கப்பட்டும் யாரும் எடுத்துக்கொள்ளாத பெயர்கள் நடுவில் ஓர் இடத்தில் நிற்கும். ஆசிரியர்கள் அதைக் 'காமன் பூல்' என்பார்கள். வேறு மாநிலத்துக்குப் போன பிள்ளையும் அங்கே இருக்கும், படிப்பையே விட்ட பிள்ளையும் அங்கே இருக்கும். எது எது என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. போன் செய்ய வேண்டும், எடுக்காவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். டி.சி. வாங்கிய பின் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு அந்தப் பட்டியல் பதில் சொல்லாது. யாரைத் தேட வேண்டும் என்பதை மட்டும் சொல்லும். நூறு வருடத்தில் அதுவே பெரிய முன்னேற்றம்.

2022 மார்ச் 1ஆம் தேதி தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ், பிளஸ் டூ முடித்தும் மேலே சேராத பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, 'உயர்வுக்குப் படி' என்ற முகாம்களுக்கு அழைக்கிறார்கள். கல்லூரி, ஐ.டி.ஐ., வங்கி, சாதிச் சான்றிதழ் கொடுக்கும் வருவாய்த் துறை எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். ஏன் சேரவில்லை என்று கேட்டால் காரணங்கள் பெரும்பாலும் சின்னவையாக இருக்கும். வருமானச் சான்றிதழ் வரவில்லை, விண்ணப்பத் தேதி தெரியவில்லை, முதல் கட்டணத்துக்குப் பணம் இல்லை, அப்பா உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒரு வாரத்தில் தீரக்கூடிய காரணம், கேட்க ஆள் இல்லாததால் ஒரு வாழ்க்கையின் திசையை மாற்றிவிடுகிறது.

உயர்கல்வியில் சேர்வோர் விகிதத்தில் தமிழ்நாடு முன்னணியில் இருப்பதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். மத்திய அரசின் 2021-22 கணக்கெடுப்பில் நம் விகிதம் 47, நாட்டின் சராசரி 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அது கல்லூரி வருகைப் பதிவில் இருப்பவர்களின் எண். மீதிப் பேர் என்ன செய்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் வருடத்தில் நின்றார்கள், முடித்தவர்கள் படித்த படிப்புக்கு ஏற்ற வேலையில் இருக்கிறார்களா என்பதையும் சொல்லாது.

தேடுவதும் துருவுவதும்

இதற்கெல்லாம் ஒரு மறுபக்கமும் உண்டு. ஒருவரைத் தொடர்ந்து கவனிப்பது என்றால் அவரைப் பற்றிய விவரம் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது என்று பொருள். பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே கல்லூரிகளிலிருந்தும் கோச்சிங் சென்டர்களிலிருந்தும் அழைப்பு வரும் அனுபவம் பெரும்பாலான வீடுகளுக்கு உண்டு. பிள்ளையின் எண் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று யாரும் சொல்வதில்லை. 2023ல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பள்ளியை விடும் பிள்ளைகள் பலர் அந்த வயதுக்குள்தான் இருக்கிறார்கள். உதவிக்காகத் தேடுவதற்கும் வியாபாரத்துக்காகத் துருவுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் ஓரளவுதான் காக்கும். மீதியைத் தேடுகிறவரின் நடத்தைதான் காக்க வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது என்பதையும் மறக்கக்கூடாது. 14 முடிந்த பிள்ளை ஆபத்தில்லாத வேலைக்குப் போவதைக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும் தடுக்கவில்லை. ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு ஒரு பிள்ளை படிப்பை விட்டால் அதைக் கேட்கும் கட்டாயம் சட்டப்படி யாருக்கும் பெரிதாக இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவும், அக்கறையுள்ள ஆசிரியரும், தெருவும்தான் கேட்க வேண்டும்.

நம் தெருவில்

அரசின் பட்டியலில் பெரும்பாலும் அப்பாவின் போன் எண்தான் இருக்கும். ரீசார்ஜ் தீர்ந்தால், சிம் மாறினால், குடும்பம் வாடகை வீடு மாறினால் தொடர்பு அறுந்துவிடும். அந்தக் குடும்பம் எங்கே போனது என்று பல நேரம் நமக்குத் தெரிந்திருக்கும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் மகள் இந்த வருடம் பிளஸ் டூ என்று நமக்குத் தெரியும். இரவுக் காவலாளியின் மகன் பத்தாம் வகுப்பு எழுதினான் என்று தெரியும். இஸ்திரி வண்டிக்காரரின் பெண் பெயர்கூடத் தெரியும். பர்மிங்காம் தன்னார்வலர்கள் செய்த வேலைக்கு வேண்டிய தகவல் நம் தெருவில் ஏற்கனவே இருக்கிறது.

சங்கம் இதற்காகப் பட்டியலோ பதிவேடோ போட வேண்டியதில்லை. அவர்களின் விவரத்தை வாட்ஸ்ஆப் குழுவில் போடவும் கூடாது. அவரவர்க்குத் தெரிந்த பிள்ளையை அவரவர் விசாரித்தால் போதும். மேயில் ஒரு முறை, ஆகஸ்டில் ஒரு முறை. மேயில் கேட்க வேண்டியது: ரிசல்ட் என்ன ஆயிற்று? ஒரு பாடத்தில் தவறியிருந்தால், சில வாரத்திலேயே துணைத் தேர்வு வருகிறது. அதற்கு விண்ணப்பிக்கும் நாட்கள் மிகக் குறைவு, பள்ளியில் உடனே கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். தேர்ச்சி பெற்றிருந்தால், சாதி, வருமானச் சான்றிதழ்கள் கையில் இருக்கின்றனவா, முதல் பட்டதாரிச் சான்றுக்கு விண்ணப்பித்தார்களா என்று கேளுங்கள். படிக்க விருப்பமில்லை என்று சொல்லும் பையனிடம், பத்தாம் வகுப்போடு அரசு ஐ.டி.ஐ.யில் சேரலாம், உதவித்தொகையும் உண்டு, தொழிற்சாலைகளில் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு 1961 முதலே சட்டம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

ஆகஸ்டில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இப்போது எங்கே போய்க்கொண்டிருக்கிறாய்? கல்லூரி, ஐ.டி.ஐ., கடை, கம்பெனி என்று எந்தப் பதில் வந்தாலும் நல்லது, வாழ்த்தி அனுப்பலாம். 'வீட்டில்தான் இருக்கிறேன்' என்று பதில் வந்தால், அந்தப் பிள்ளையோடு பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பார்த்து, அடுத்த 'உயர்வுக்குப் படி' முகாம் என்றைக்கு என்று கேட்டு வாருங்கள். கலை அறிவியல் கல்லூரிகளிலும் ஐ.டி.ஐ.களிலும் காலியிடம் இருந்தால் அந்த நேரத்திலும் சேர்ப்பதுண்டு. செப்டம்பர் தாண்டினால் பெரும்பாலும் அடுத்த வருடம்தான்.